ஜியோ போன் டூ ஆண்ட்ராய்டு: ஒரு உப்புத் தண்ணி ரிவ்யூ

போன் ரிவ்யூ பண்றவங்க எல்லாரும் கேமரா எப்புடி, கேம் ஓடுதா, கைல பிடிச்சா வழுக்குதான்னுதான் சொல்றாங்க. நண்டு வலை இழுத்த ஈரக் கையோட டச் வேலை செய்யுமான்னு ஒருத்தரும் சொல்லி நான் பாத்ததில்ல, சரி நாமளே எழுதிருவோம்னு உக்காந்தேன். எங்க ஊரு ராமேஸ்வரம் தீவுல தங்கச்சிமடம். அப்பா நாட்டுப்படகு, வடகடல்ல நண்டு வலை, சித்தப்பாவும் அவரும் பங்கு. நான் ராம்நாட்ல ஒரு ஜெராக்ஸ் கடைல வேலை பாக்குறேன், அதனால வீட்ல எந்த போன், எந்த ரிமோட் மக்கர் பண்ணாலும் அது என் தலையில. போன டிசம்பர்ல அப்பாவை பட்டன் வச்ச ஜியோ போன்ல இருந்து ஆண்ட்ராய்டுக்கு மாத்துனேன், ஆறு மாசம் ஓடிருச்சு.

முதல்ல பழைய போனுக்கு மரியாதை. 2017 ஜூலைல அறிவிச்சாங்க, 1,500 ரூபா டெபாசிட்டுன்னு. எங்க தெருவுல அடுத்த வருசம் வீட்டுக்கு ஒன்னு வந்துருச்சு. 2.4 இன்ச் திரை, 512 எம்பி ரேம், 2000 எம்ஏஎச் பேட்டரி. இன்னைக்கு இதைக் கேட்டா சிரிப்பீங்க, ஆனா அந்தச் சின்னத் திரைக்கு அந்த பேட்டரி ரெண்டு நாளு தாராளமா நிக்கும். அப்பா அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு மூடியை இறுக்கி வள்ளத்துல வச்சிருப்பாரு. போன் வந்தா மூடியைத் திறந்து, பாக்காமலேயே கட்டைவிரலால பச்சை பட்டனை அமுக்கி "சொல்லு"ன்னுவாரு. நனைஞ்சிருச்சா, பேட்டரியைக் கழட்டி வெயில்ல வச்சா மறுநாள் ஓடும். இதைவிட என்ன வேணும்?

அதுக்குள்ள இருந்த சாப்ட்வேர் பேரு காய் ஓஎஸ். இதோட பூர்வீகம் தெரிஞ்சா கொஞ்சம் பாவமா இருக்கும். பயர்பாக்ஸ் பிரவுசர் தெரியும்ல, அந்த மொசில்லாகாரங்க பயர்பாக்ஸ் ஓஎஸ்னு ஒன்னு போட்டாங்க, 2014ல நம்ம நாட்லயே 1,999 ரூபாய்க்கு அதுல போன் வந்துச்சு, ஓடல, 2016ல விட்டுட்டாங்க. அந்த சாப்ட்வேர் கோடிங்கை எடுத்து பட்டன் போனுக்கு ஏத்த மாதிரி தச்சதுதான் காய். ஆப் எல்லாமே வெப்சைட் செய்யுற அதே சாமான்ல செஞ்சது, அவ்வளவு கம்மி ரேம்லயும் ஓடுச்சு. 2018 செப்டம்பர்ல ஜியோ போனுக்கு வாட்ஸ்ஆப் வந்துச்சு பாருங்க, எங்க தெருவுல அன்னைக்குத்தான் அது உண்மையிலேயே போன் ஆச்சு.

ஏன்னா அப்பாவுக்கு டைப் பண்றது பிடிக்காது. எழுதப் படிக்கத் தெரியும், ஆனா "ஒரு எழுத்துக்கு மூணு தடவ அமுக்குறதுக்குள்ள நண்டு செத்துரும் தாயி"ன்னுவாரு. வாய்ஸ் மெசேஜ் வந்ததும் அவரு ஒரு வழி கண்டுபிடிச்சாரு. கரைக்கு வந்து நண்டைக் கழட்டி எடை போட்டதும் சித்தப்பாவுக்கு ஒரு வாய்ஸ் அனுப்பிருவாரு: "பெருசு ஏழே கால், பொடி மூணு, கால் ஒடிஞ்சது ஒன்னரை, வியாவாரி ரேட்டு இம்புட்டு, டீசல் போக இம்புட்டு." அம்புட்டுத்தான். அதுதான் கணக்கு நோட்டு. வியாபாரிகிட்ட அட்வான்ஸ் வாங்குன வகைல கழிச்சதும் அதுலதான் இருக்கும். சித்தப்பாவுக்கும் அதே ஜியோ போன்தான். சண்டை வந்தா ரெண்டு பேரும் போனை எடுத்துப் போட்டுக் கேப்பாக, சத்தம் அடங்கிரும்.

பிரச்சினை எங்க ஆரம்பிச்சதுன்னா, காய் ஓஎஸ் போன்ல 2024 ஜூன் 25க்கு அப்புறம் வாட்ஸ்ஆப்பைப் புதுசா இறக்க முடியாது, ஏற்கனவே வச்சிருக்கவங்களுக்கும் 2025 தொடக்கம் வரைக்கும்தான்னு அறிவிச்சுட்டாங்க. அதைவிட எனக்குத் தூக்கம் போனது இன்னொரு விசயத்துல: அந்தப் போன்ல இருக்க சாட்டை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுபோக வழியே கிடையாது. ஆண்ட்ராய்டுல இருந்து ஆண்ட்ராய்டுக்குன்னா பேக்கப் எடுத்து ஒரு தட்டு தட்டுனா வந்துரும். இதுல நம்பர் மட்டும் வரும், சாட் வராது. அப்ப ஆறு வருசக் கணக்கு?

பழசெல்லாம் போனா போகுது, அந்த வருசக் கணக்கு மட்டும் வேணும்னு அப்பா சொன்னாரு. இங்க கடலுக்குப் போக விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள். ஒரு சனிக்கிழமை, அவுக கடலுக்குப் போகாத நாள், பழைய போனை முழுச் சத்தத்துல வச்சு பக்கத்துல என் போன்ல ரெக்கார்டரைப் போட்டு ஒவ்வொன்னா ஓட விட்டோம். நாலு மணி நேரம். அப்பா குரல், பின்னால அலை, காக்கா, ஒன்னுல அம்மா "மொதல்ல சோத்தைத் தின்னுட்டுப் பேசுங்க"ன்னு கத்துறது எல்லாம் பதிவாச்சு. முடிச்சு நிமிந்தப்ப சித்தப்பா மகன் வந்து எட்டிப் பாத்துட்டு "யக்கா, அதுலயே ஆப்ஷனுக்குள்ள பார்வர்டு இருக்கே, உன் நம்பருக்கு அனுப்பிருக்கலாமே"ங்கிறான். அவனை அன்னைக்கு நான் என்ன பண்ணேன்னு இங்க எழுத முடியாது. நீங்க யாராச்சும் இன்னும் அந்தப் பழைய போனை வச்சிருந்து அதுல வாட்ஸ்ஆப் திறந்தா, மொத வேலையா அதைப் பண்ணுங்க.

போன் வாங்குனது ராம்நாடு அரண்மனைப் பக்கம். 8,500 ரூபா, 4 ஜிபி ரேம், 64 ஜிபி. கம்பெனி பேரு வேணாம், இந்த விலைல எல்லாம் ஒன்னுவிட்ட தம்பிமாருதான். கடைக்காரப் பையன் கண்ணாடி ஒட்டுறேன், பவுச் போடுறேன்னு 300 ரூபா தனியா தீட்டிட்டான்.

இப்ப மெயின் மேட்டர், ஈரக் கை. டச் ஸ்கிரீன் எப்புடி வேலை செய்யுதுன்னா, திரையில இருக்க லேசான மின்சாரம் நம்ம விரல் பட்ட எடத்துல மாறும், அதை வச்சுத்தான் எங்க தொட்டோம்னு கண்டுபிடிக்குது. உப்புத் தண்ணி மின்சாரத்தை நல்லா கடத்தும். அப்ப கண்ணாடில ஒரு சொட்டு கடத்தண்ணி நின்னா போனுக்கு அதுவும் விரல்தான். மொத வாரம் அப்பா கடல்ல இருந்து எனக்கு மூணு வீடியோ கால், பேங்க் ஆபீசர் ஒருத்தருக்கு ஒரு ஸ்டிக்கர், எல்லாம் தானா போயிருக்கு. கழுத்துல மாட்டுற வாட்டர்ப்ரூப் கவர் வாங்கிக் கொடுத்தேன், 150 ரூபா, கவருக்கு மேல தண்ணி நின்னா அதே கூத்துதான், கவரைச் சட்டைல துடைச்சாத்தான் கேக்கும், சட்டையும் நனைஞ்சுதான் கெடக்கும். கால் வந்தா எடுக்கப் பச்சையை மேல இழுக்கணும், விரல் முழுக்க ஈரமும் வழுவழுப்பும், இழுத்தா வழுக்கி சிவப்புக்குப் போகுது. அவரு கட் பண்றாருன்னு அம்மா கோவிச்சுக்கும்.

சரி லாக்குக்கு கைரேகை வச்சுவிடுவோம்னு பாத்தேன். எடுக்கவே இல்ல. நாப்பது வருசமா நரம்பு வலை இழுத்த விரலு, ரேகையே தேஞ்சு போச்சு, அங்கங்க நண்டு கடிச்ச வெட்டு வேற. அம்மா சின்ன வயசுல இருந்து பாசி எடுக்கப் போறவுக, பாறைல உரசி உரசி அவுக விரலு இன்னும் மோசம். ரேஷன் கடை மெஷின்லயே ரெண்டு பேருக்கும் ஒரு தடவைல விழாது, பத்து விரலையும் மாத்தி மாத்தி வைக்கணும். கடைசில நாலு நம்பர் பின் போட்டுவிட்டேன். போன் கம்பெனிக்காரவுக ஒரு நாளு பாம்பன்ல வந்து பத்துப் பேரு விரலை வச்சுப் பாத்துட்டு அந்த சென்சாரை விக்கட்டும்.

அடுத்தது சார்ஜிங் பின். இது எங்க கடக்கரையில எல்லா வீட்டுக் கதையும்தான். உப்புக் காத்துல பூட்டு, ஜன்னல் கம்பி, சைக்கிள் செயினு எதுதான் தப்புச்சு, பாம்பன் ரயில் பாலத்துக்கே வருசம் பூரா பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. மூணாவது மாசம் போன் சார்ஜ் ஏறல. மெக்கானிக் அண்ணன் லென்ஸ் வச்சுப் பாத்துட்டு "பச்சை பூத்திருக்கு"ன்னாரு, பின் மாத்த 250 ரூபா. அவரு சொன்ன பக்குவம் இதுதான், உங்களுக்கும் சொல்றேன்: கடல்ல இருந்து வந்த உடனே சார்ஜ்ல போடக் கூடாது, ஈரமும் உப்பும் இருக்கப்ப கரன்ட்டு போனாத்தான் பின் சீக்கிரம் அரிக்கும். நல்ல தண்ணில லேசா நனைச்ச துணியால வெளிய இருக்க உப்பைத் துடைச்சு, ஃபேன் அடில ரெண்டு மணி நேரம் கவுத்துப் போட்டு, அப்புறம் சார்ஜ். அப்புடி பண்ண ஆரம்பிச்சு இப்ப வரைக்கும் தொல்லை இல்ல. பேட்டரியைக் கழட்ட முடியாததுதான் பெரிய குறை.

இம்புட்டு திட்டுறியே, அப்புறம் ஏன் மாத்துனன்னு கேப்பீங்க. சொல்றேன்.

காத்து. விண்டி ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன், மேப்புல காத்து ஓடுற மாதிரியே தெரியும். மொத நாளு அப்பா நக்கலாத்தான் பாத்தாரு. அம்புக்குறி எங்குட்டு இருந்து வருதுன்னு காட்டுனதும் அவரே "இது வாடை, மதியத்துக்கு மேல கொண்டலுக்குத் திரும்புது, பாரு"ன்னு ஆப்பை எனக்குப் படிச்சுச் சொல்றாரு. இப்ப ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னால அதைப் பாக்காம படுக்குறதில்ல. ஆனா பாம்பன்ல புயல் கூண்டு ஏத்திட்டா ஆப்பு என்ன சொன்னாலும் போகமாட்டாரு, அது வேற.

அப்புறம் ஜிபிஎஸ். இது பல பேருக்குத் தெரியல, சிக்னல் இல்லாத எடத்துலயும் ஜிபிஎஸ் வேலை செய்யும். சாட்டிலைட் பாட்டுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும், போன் சும்மா காது கொடுத்துக் கேட்டுக் கணக்குப் போடுது, அவ்வளவுதான். நெட்டு வேண்டியது மேப் படத்துக்கு மட்டும், அதை வீட்லயே இறக்கி வச்சுக்கலாம். அப்பா சாயங்காலம் வலை போட்டதும் அந்த எடத்தைப் புள்ளி வச்சுக்குவாரு. மறுநாள் விடியக்காலம் வலைக்கு அடையாளமா விட்ட கொடிக்கம்பைத் தேடி அங்குட்டும் இங்குட்டும் அலையாம நேரா போறாரு. ஜனவரில ஒரு நாளு காத்துல கொடி சாஞ்சு தண்ணிக்குள்ள கெடந்திருக்கு, பழைய மாதிரின்னா அந்த வலை போனதுதான், புள்ளிக்குப் போயி பாதாளக்கரண்டி மாதிரி ஒன்னைப் போட்டு இழுத்து எடுத்துட்டு வந்துட்டாரு. வலையோட விலையைப் பாத்தா போன் காசுல பாதி அன்னைக்கே வந்துருச்சு.

தூரமா போறவங்களுக்கு இன்னொன்னு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் போட்ட ஃபிஷர் ஃப்ரெண்ட் ஆப் தமிழ்லயே இருக்கு, கடல் நிலவரம் சொல்லும், இலங்கை எல்லைக் கோட்டை நெருங்குனா எச்சரிக்கையும் பண்ணும். கூகுள் மேப்பு அந்த வேலையைச் செய்யாது, அதை நம்பிப் போயிராதீங்க. தனுஷ்கோடிப் பக்கம் போறவங்க டேட்டா ரோமிங்கை அணைச்சு வச்சுக்கங்க, அங்க இலங்கை டவரு எடுத்துரும்.

வாய்ஸ் டைப்பிங் பத்தியும் சொல்லணும். தமிழ்ல பேசுனா எழுதிரும்னு காட்டுனேன், அப்பா ஒரே குஷி, இனிமே கணக்கை எழுத்துலயே வச்சுக்கலாம்னு. "வாடை காத்து, நண்டு இல்ல"ன்னு சொன்னாரு, அது "வாடகை காட்டு நன்று இல்லை"ன்னு அடிச்சுச்சு. சித்தப்பா அதைப் படிச்சுட்டு எதுக்கு வாடகைன்னு போன் போட்டாரு. அன்னையோட அது முடிஞ்சுது. வாய்ஸ் மெசேஜுதான் இன்னைக்கும், ஆனா இப்ப தினமும் பேக்கப் ஆகுது.

இன்னொரு தொல்லை, விளம்பரம். "உங்கள் போனில் வைரஸ்"னு சிவப்பா வந்தா அப்பா பதறிப் போய் அமுக்கிர்றாரு. வாரத்துக்கு ஒரு தடவ நான் போயி களை எடுக்கிற மாதிரி தேவையில்லாத ஆப்பெல்லாம் பிடுங்கிட்டு வாரேன். பழைய போன்ல இந்த வேலையே இல்ல.

இப்ப நிலவரம் என்னன்னா, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள்ள பழைய போன் திரும்பப் போயிருச்சு, கால் பேச மட்டும். ஆண்ட்ராய்டு கவருக்குள்ள, கடல்ல புள்ளி பாக்க மட்டும். ரெண்டு சிம், ரெண்டு ரீசார்ஜ், அம்மா மாசாமாசம் முனகுது. என் மார்க்கு: கரையில பத்துக்கு எட்டு, கடல்ல பத்துக்கு நாலு.

ஒரு கேள்வி இருக்கு. ஆண்ட்ராய்டே, ஆனா கால் எடுக்க மட்டுமாவது நிஜமான பட்டன் வச்சது, பேட்டரி கழட்டுறது, பத்தாயிரத்துக்குள்ள, யாராச்சும் கடல் வேலைக்கு யூஸ் பண்றீங்களா? அடுத்த பின் போறதுக்குள்ள சொல்லுங்க.