கையடக்க ஜிபிஎஸ் வாங்கப் போறீங்களா? என் 14,500 ரூபாய் போன கதையைக் கேட்டுட்டுப் போங்க

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. திருநெல்வேலியில் சர்வே கருவிகள் விற்கிற ஒரு கடை. பெயர் போட மாட்டேன். புத்தம்புது ஜிபிஎஸ் என்று 14,500 ரூபாயை வாங்கிக்கொண்டு ஒரு பழைய சாமானை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தோப்பு, காடுகளில் தொலைந்த மோதிரம், கொலுசு தேடிக் கொடுக்க மெட்டல் டிடெக்டரோடு போகிற ஆள் நான். புதையல் வேட்டை இல்லை. 1878ஆம் வருஷத்துச் சட்டப்படி, புதையல் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும். அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூர், சிவகளை பக்கம் டிடெக்டரோடு தலைவைத்தும் படுக்க மாட்டேன். அடர்ந்த தோப்பில் எந்தப் பக்கம் தேடியாச்சு, எது பாக்கி என்று குறித்துக்கொள்ளத்தான் ஜிபிஎஸ் தேவைப்பட்டது.

"வாங்க அண்ணாச்சி" என்று டீ வரவழைத்தார் கடைக்காரர். கருவியை அவரே எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தார். தலைக்கு மேல் வெறும் வானம். சிக்னல் முழுசாக நின்றது, துல்லியம் 4 மீட்டர் என்று காட்டியது. "போன மாசம் வந்த மாடல். மரத்தடியிலயும் இப்படித்தான் நிக்கும். நம்ம ஊர்க்காரவுகளையே ஏமாத்துனா நான் வெளங்குவனா?" அந்தப் பேச்சுக்குத்தான் 14,500 ரூபாயை எண்ணி வைத்தேன்.

கடையம் பக்கம் ஒரு மாந்தோப்புக்குள் நுழைந்ததும் சிக்னல் போச்சு. சிக்னல் திரும்ப வந்தபோது நான் மரத்தடியில் அசையாமல் நிற்கிறேன், திரையில் என் தடம் பக்கத்து வயலில் நடக்கிறது! அப்புறம் தேதியைப் பார்த்தால் கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால். ஜிபிஎஸ் தேதியை வாரமாக எண்ணித்தான் கணக்கு வைக்கும். அந்த வாரக் கணக்கு 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில். அதைச் சமாளிக்கத் தெரியாத பழைய கருவிதான் இப்படித் தேதி காட்டும். போன மாசத்து மாடலாம்!

போன் போட்டேன். "மேகமா இருந்திருக்கும்" என்றார். மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்து, "மரத்துக்கு அடியில யாரு பாக்கச் சொன்னா?" நேரில் போனால் கடைப் பையன், "மொதலாளி திருச்செந்தூர் போயிருக்காவ" என்கிறான். உள்ளே அவர் இருமுகிற சத்தம் கேட்கிறது. பில் கேட்டதற்கு, தந்த எஸ்டிமேட் சீட்டே போதுமாம். அதில் சீரியல் நம்பர் இல்லை. 14,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு!

வாங்குகிறவர்களுக்கு அவசரமாகச் சில விஷயம். ரோட்டில் வைத்துச் சோதிக்காதீர்கள், அடர்ந்த மரத்தடிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். தேதியைப் பாருங்கள். அமெரிக்காவின் ஜிபிஎஸ் சாட்டிலைட்டை மட்டும் பிடிக்கிற கருவி வேண்டாம், ரஷ்யாவின் க்ளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ சாட்டிலைட்டுகளையும் பிடிக்க வேண்டும். எவ்வளவு நல்லதானாலும் சில மீட்டர் பிசகும், அதனால் வரிசை பிடித்துத் தேடக் கயிறும் முளைக்குச்சியும்தான். சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்புகிற வகையை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் போலீஸ் கேஸ் ஆகும். சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில் இல்லாமல் காசை நீட்டாதீர்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். எஸ்டிமேட் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.