லீனியர் ஸ்பிரிங்கா, புரோகிரசிவ் ஸ்பிரிங்கா?

பழைய காரில் இன்ஜினை மாற்றி, பின் சீட்டைக் கழற்றி, பெரிய சக்கரமும் போட்டாகிவிட்டது. இனி சக்கரங்களின் மேல் காரைத் தாங்கும் கம்பெனி சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் கணக்கு பொருந்தாது. சரி, எதை வாங்குவது?

லீனியர் ஸ்பிரிங்கின் விறைப்பு மாறாது. மில்லிமீட்டருக்கு 4 கிலோ என்றால், 40 கிலோ ஏற்றினால் 10 மில்லிமீட்டர் அமுங்கும். 80 ஏற்றினால் 20. இந்த நேர்மைதான் எனக்குப் பிடித்தது. ஷாக் அப்சார்பரை ஒரே விறைப்புக்குப் பொருத்தினால் போதும். வளைவில் கார் எவ்வளவு சாயும் என்பதும் சீக்கிரம் கைக்குப் பழகிவிடும். விறைப்பாக எடுத்தால் மேடு பள்ளத்தில் முதுகுதான் பதில் சொல்லும்.

புரோகிரசிவ் ஸ்பிரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலும் ஒரு முனையில் சுருள்கள் நெருக்கமாக இருக்கும். ஓடித் தேய்ந்தது என்றால் அந்த இடத்தில் பெயின்ட் போய்ப் பளபளக்கும். அமுங்கும்போது அவை முதலில் ஒட்டிக்கொள்ளும். வேலை செய்யும் சுருள்கள் குறையக் குறைய விறைப்பு ஏறும். சின்னக் குலுங்கலுக்கு மென்மை, பெரிய அடிக்கு இறுக்கம். தினமும் ஓட்டும் காருக்கு இதுவே சுகம். ஆனால் கனமான இன்ஜின் ஏறியிருந்தால், கார் சும்மா நிற்கும்போதே நெருக்கச் சுருள்கள் மூடிவிடலாம். அப்புறம் காசு கொடுத்து வாங்கிய மென்மை எங்கே?

எதுவானாலும், ஓட்டுபவரை உட்காரவைத்து நான்கு சக்கரத்திலும் எடை பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய ஸ்பிரிங்கை வெட்டிப் போடும் வேலை மட்டும் வேண்டாம். உயரம் குறைவதோடு விறைப்பும் கூடும், வெட்டிய முனையும் சரியாக உட்காராது.