கே.கே. நகர் பழைய பிளாட்டா, ஓ.எம்.ஆர். புது பிளாட்டா? தண்ணீரும் கழிவுநீரும் முடிவு செய்த வீடு

எண்பது லட்சத்தை ஒட்டிய பட்ஜெட்டோடு சென்னையில் வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று, கே.கே. நகர், அசோக் நகர், மேற்கு மாம்பலம் பக்கம் முப்பது வருடப் பழைய, லிஃப்ட் இல்லாத, ஏழெட்டு வீடுகள் மட்டும் உள்ள சின்ன அபார்ட்மெண்டில் ஒரு பிளாட். இன்னொன்று, பழைய மாமல்லபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் பக்கம் நூற்றுக்கணக்கான வீடுகள் கொண்ட புது அடுக்குமாடியில் இன்னும் கொஞ்சம் பெரிய பிளாட்.

நாங்கள் ஓ.எம்.ஆரில் வாடகைக்கு இருந்துவிட்டு, கே.கே. நகரில் பழையதை வாங்கினோம். என் மச்சினர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறார், அசோசியேஷன் பொருளாளர். அதனால் இரண்டு பக்கத்துக் கணக்கும் ஓரளவு தெரியும். என் சாய்வு பழைய வீட்டின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். புது வளாகத்தில் லிஃப்ட், கார் பார்க்கிங், ஜெனரேட்டர், செக்யூரிட்டி, பிள்ளைகள் பயமில்லாமல் ஓட ஓர் இடம் எல்லாம் உண்டு. பழைய வீட்டில் இதில் பாதி இருக்காது. மாறாக ஸ்கூல், ஆஸ்பத்திரி, காய்கறிக் கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் நடக்கிற தூரத்தில். வேலை சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ இருந்தால் தினமும் கே.கே. நகரிலிருந்து போய்வருவது கஷ்டம், அதிலும் சந்தேகமில்லை.

பத்திரச் செலவிலும் வித்தியாசம் உண்டு. பில்டரிடம் நேரடியாக வாங்கும் புது பிளாட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து முத்திரைத் தீர்வையில் சலுகை இருக்கிறது. 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 7. மறுவிற்பனை பிளாட்டுக்கு 9. எண்பது லட்சத்தில் இது 1.6 லட்சம் ரூபாய் வித்தியாசம். ஆனால் புது பிளாட் கட்டுமானத்தில் இருக்கும்போது வாங்கினால் 5 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், அது 4 லட்சம். கட்டி முடித்து கம்ப்ளீஷன் சர்டிபிகேட் வந்த பிறகு வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. பழைய வீட்டுக்கும் இல்லை.

இதெல்லாம் ஒரு முறை கொடுத்து முடிகிற பணம். மாதாமாதம் கொடுக்க வேண்டியதுதான் எங்களை முடிவெடுக்க வைத்தது. அதிலும் குறிப்பாக, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்ற இரண்டு கேள்விகள்.

கே.கே. நகரில் தெருவுக்கு அடியில் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் வேகமாக மேலே ஏறாது. வாசலில் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் சம்ப்பில் வந்து நிறையும், அங்கிருந்து மோட்டார் போட்டு ஓவர்ஹெட் டேங்குக்கு ஏற்ற வேண்டும். சம்ப்புக்குப் பக்கத்தில் ஓர் அடிபம்பும் இருக்கிறது. கரன்ட் இல்லாதபோது குடிக்க ஒரு குடம் அடித்துக்கொள்ளலாம். இதற்காக ஒரு பிளாட்டுக்கு ஆகும் குடிநீர்க் கட்டணம் மாதம் நூறு ரூபாயை ஒட்டித்தான். அதோடு வீட்டின் ஆண்டு மதிப்பில் (சொத்து வரிக்காகக் கணக்கிடும் வாடகை மதிப்பு) 7 சதவீதம் குடிநீர், கழிவுநீர் வரி. கழிவுநீர் தெருவில் இருக்கும் மேன்ஹோலுக்குப் போய், பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடுகிறது. அடைத்துக்கொண்டால் 1916-க்கு போன் செய்யலாம், அல்லது மெட்ரோ வாட்டரின் டிப்போ ஆபீஸில் போய் நிற்கலாம். வண்டி உடனே வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வர வேண்டிய பொறுப்பு ஒருவருக்கு இருக்கிறது.

ஓ.எம்.ஆரில் நிலைமை வேறு. 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி வரை உள்ளே வந்தன. நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் எல்லாம் எல்லைக்கு வெளியே, ஊராட்சிகள். விளம்பரத்தில் எல்லாமே சென்னைதான். உள்ளே வந்த இடங்களிலும் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை வேலைகள் பகுதி பகுதியாகத்தான் நடந்துவருகின்றன. இந்தச் சாலையில் பெரிய வளாகங்கள் பல வருடங்களாக ஓடுவது போர்வெல்லையும் டேங்கர் லாரியையும் நம்பித்தான். போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதற்கு ஒரு சாஃப்ட்னர், குடிக்க வீட்டுக்கு வீடு ஓர் ஆர்.ஓ. மெஷின்.

டேங்கர் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். நகர்ப்புறத்தில் ஓர் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர், மாதத்துக்கு 16,200 லிட்டர். 12,000 லிட்டர் லாரி 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம் (விலை இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும்). முழுவதும் டேங்கரில் வந்தால் அந்த வீட்டின் தண்ணீர்ச் செலவு மட்டும் 2,000 ரூபாயைத் தாண்டுகிறது. பாதி போரிலிருந்து கிடைத்தாலும் ஆயிரம். இது வீட்டு பில்லில் தனியாகத் தெரியாது, மெயின்டனன்ஸுக்குள் ஒளிந்திருக்கும் அல்லது கோடையில் ‘கூடுதல் தண்ணீர்க் கட்டணம்’ என்று வரும்.

அப்புறம் எஸ்.டி.பி., அதாவது வளாகத்துக்குள்ளேயே இருக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். மச்சினரோடு ஒருமுறை கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். பேஸ்மென்ட்டின் கோடியில் ஓர் இரும்புக் கதவு. உள்ளே வரிசையாகத் தொட்டிகள், ஒன்றில் பழுப்பு நிறத் தண்ணீர் கொதிப்பது போல் காற்றில் குமிழ்விட்டுக்கொண்டிருந்தது. காற்றை அடிக்கும் ப்ளோயர் மோட்டார் சத்தத்தில் பேச முடியவில்லை. அந்தக் காற்று நின்றால் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும், பிறகு வளாகம் முழுக்க நாற்றம். அதனால் ப்ளோயரை நீண்ட நேரம் நிறுத்தி வைக்க முடியாது. அதற்கு ஓர் ஆபரேட்டர், அவர் லீவு போட்டால் இன்னொருவர், ஸ்லட்ஜ், அதாவது அடியில் தங்கும் கழிவுச் சேறு எடுக்க வண்டி, சில வருடங்களுக்கு ஒருமுறை ஃபில்டருக்குள் இருக்கும் மணலும் கரியும் மாற்ற வேண்டும், தண்ணீரை லேபில் டெஸ்ட் செய்ய வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். காண்டிராக்டர் அவசரத்துக்கு யாரையாவது இறக்கிவிடுவாரோ என்ற பயத்தில் என் மச்சினர் பக்கத்திலேயே நிற்பார். ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், ஆபீஸ் வேலைக்கு நடுவில் அவர் தலையில்.

மின்சாரத்திலும் இது தெரிகிறது. 2023 நவம்பரிலிருந்து பத்து வீடுகளுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத அபார்ட்மெண்ட்களின் பொதுப் பயன்பாட்டு மின்சாரத்தை யூனிட் 8 ரூபாயிலிருந்து 5.50 ஆகக் குறைத்தார்கள். பிறகு கட்டணம் ஏறினாலும் அந்தத் தனிப் பிரிவு இருக்கிறது. எங்கள் கட்டடம் அதில் வருகிறது. ப்ளோயரும் லிஃப்ட்டும் ஓடும் பெரிய வளாகம் வராது.

ஆக, மாதக் கணக்கு. ஓ.எம்.ஆரில் சதுர அடிக்கு 3 ரூபாய், 4 ரூபாய் மெயின்டனன்ஸ் சகஜம். 1,200 சதுர அடிக்கு மூன்றரை ரூபாய் என்றால் 4,200. கே.கே. நகரில் நாங்கள் கொடுப்பது 1,500. மாதம் 2,700 வித்தியாசம், பத்து வருடத்தில் கட்டணமே ஏறாவிட்டாலும் 3.24 லட்சம். ஆனால் கட்டணம் ஏறாமல் இருக்காது. புது வளாகத்தில் முதல் சில வருடங்கள் எல்லாம் புதிது, பில்டரும் கூட இருப்பார். பம்ப், லிஃப்ட், எஸ்.டி.பி. எல்லாம் ஒன்றாகப் பழசாகும்போதுதான் உண்மையான செலவு தொடங்கும். கார்பஸ் ஃபண்ட், அதாவது பெரிய செலவுகளுக்காக வீட்டுக்காரர்களிடம் வாங்கிச் சேர்த்து வைக்கும் பொதுப் பணம், அதற்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

பழைய கட்டடத்துக்குச் செலவே இல்லை என்று சொன்னால் பொய். எங்களுக்குக் கார்பஸ் ஃபண்ட் என்று ஒன்றும் கிடையாது. கழிவுநீர் இறங்கும் பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்துச் சுவரில் ஊறியது. முழுக்க மாற்றினோம், வீட்டுக்கு 45,000 ரூபாய். எட்டு வீட்டில் ஒருவர் பணம் தர மறுத்தால் வேலை அப்படியே நிற்கும், ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேச வேண்டும். மொட்டை மாடி ஒழுகல், சிமெண்ட் உதிர்ந்து வெளியே தெரியும் கம்பி, பழைய வயரிங் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. இவற்றைச் சேர்த்தால் மாத வித்தியாசம் பாதியாகக் குறையும் என்றே வைத்துக்கொள்ளலாம். பணத்தில் மட்டும் பார்த்தால் என் பக்கம் ஒன்றும் பெரிய வெற்றி இல்லை.

என்னைப் பொறுத்தவரை தீர்மானித்தது பொறுப்பு. எங்கள் குழாய் உடைந்தால் அது சின்ன வேலை, பிளம்பர் முடித்துவிடுவார். தண்ணீர் கொண்டுவருவதும் கழிவைச் சுத்தம் செய்வதும் நகரத்தின் வேலை. ஓ.எம்.ஆர். வளாகத்தில் அந்த இரண்டையும் குடியிருப்பவர்களே ஒரு சின்ன முனிசிபாலிட்டி போல நடத்த வேண்டியிருக்கிறது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாறு பேர், சனி ஞாயிறுகளில், சம்பளமில்லாமல்.

கழிவுநீரை அங்கேயே சுத்திகரித்து டாய்லெட் ஃப்ளஷுக்கும் தோட்டத்துக்கும் திருப்பி விடுவது நல்ல விஷயம். சென்னை போன்ற ஊரில் ஒரு சொட்டையும் வீணாக்கக் கூடாது, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அதே வேலையை நகர அளவிலும் செய்யலாம், செய்தும் காட்டியிருக்கிறார்கள். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019-இல் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளைக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்தரமாகச் சுத்திகரித்து மணலி, ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பக்கூடியவை. அங்கே இன்ஜினியர் இருக்கிறார், லேப் இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது. பொதுச் சேவையில் புதுமை என்றால் எனக்கு இதுதான். நூறு வளாகங்களில் நூறு சின்ன ஆலைகளை நட்டுவிட்டு, ஓட்டுகிற பொறுப்பை வீடு வாங்கியவர்களிடம் விட்டுவிடுவதை அதே கணக்கில் வைக்க எனக்கு மனமில்லை.

2019 கோடையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்தது. அப்போது நகருக்குள்ளும் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, தெருத் தொட்டிக்கு முன்னால் குடங்கள் வரிசையாக நின்றன. குழாய் இருந்தால் கவலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓ.எம்.ஆரில் அந்த நாட்களில் லாரி கேட்ட விலையைக் கொடுத்தோம், கொடுத்தும் லாரி வராத நாட்கள் உண்டு. ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது அந்தக் கோடையில்தான். அவர்கள் வீட்டிலும் அதே டேங்கர் தண்ணீர்தான்.

இந்தக் கணக்கு மாறவும் வாய்ப்பிருக்கிறது. நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் நாளைக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது கடல்நீர் ஆலை வந்துவிட்டது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கு இன்னொன்று கட்டுகிறார்கள். மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் முதல் சிறுசேரி சிப்காட் வரையிலான தடம் ஓ.எம்.ஆர். மேலேயே போகிறது. குழாயும் ரயிலும் வாசலுக்கு வந்துவிட்டால் அந்தப் பக்கம் வாங்கியவர்கள் என்னைவிட நல்ல நிலையில் இருக்கலாம். ஆனால் குழாய் ‘வரும்’ என்ற நம்பிக்கைக்காக நான் இருபது வருட இ.எம்.ஐ. கட்ட மாட்டேன், வந்த பிறகு வாங்குவேன்.

மறுவிற்பனை பற்றி நான் அழுத்திச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இதுவரை ஒரு வீட்டையும் விற்றதில்லை. நிலப் பங்குக் கணக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன். எங்கள் மனை இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி, எட்டு வீடு. ஒரு வீட்டுக்கு யு.டி.எஸ்., அதாவது பிரிக்காத நிலத்தில் வரும் பங்கு, 600 சதுர அடி. உயர்மாடிக் கட்டடத்தில் நிலத்தைப் போல 3.25 மடங்கு கட்ட அனுமதி உண்டு. அந்த அளவு முழுக்கக் கட்டினால் ஆயிரம் சதுர அடி பிளாட்டுக்கு முந்நூறு சதுர அடி நிலம்தான் வரும். கட்டடம் வருடா வருடம் மதிப்பு இறங்கும், நிலம் நிற்கும். 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம், முன்பு போல ஒருவர் அடம்பிடித்து எல்லோரையும் நிறுத்த முடியாது. ஆனால் இடித்துக் கட்டிய அனுபவம் எனக்கில்லை. அந்த இரண்டு மூன்று வருடம் வாடகை வீட்டில் இருக்க வேண்டும் என்பதை வயதானவர்கள் உள்ள வீடு யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முழங்கால் வலியுள்ள பெற்றோர் கூட இருந்தால், கார் இரண்டு இருந்தால், வேலை அந்தச் சாலையிலேயே இருந்தால் ஓ.எம்.ஆர். பக்கம் போவது நியாயம்தான். அப்படிப் போகிறவர்கள் மாடல் பிளாட்டையும் கிளப் ஹவுஸையும் பார்த்த பிறகு, மூன்று நாலு வருடமாக மக்கள் குடியிருக்கும் பக்கத்து வளாகத்துக்குப் போய் அசோசியேஷன் ஆபீஸில் டேங்கர் ரிஜிஸ்டரைக் கேளுங்கள். ஏப்ரல், மே, ஜூன் பக்கங்களில் நாளைக்கு எத்தனை லோடு என்று பாருங்கள். எஸ்.டி.பி. காண்டிராக்ட் மாதம் எவ்வளவு, கடைசியாக எப்போது லேப் டெஸ்ட் நடந்தது, கார்பஸ் ஃபண்டில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள். பழையதை வாங்குகிறவர்கள் சம்ப் மூடியைத் திறக்கச் சொல்லி, மெட்ரோ வாட்டர் எந்த நேரத்தில், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கீழ் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மேன்ஹோல் வாசலில் எங்கே இருக்கிறது, மழைக்காலத்தில் அது பொங்குகிறதா என்றும் அவருக்குத்தான் தெரியும்.