கடிட்-ஆர்: கல்லூரி ஆலோசனை மையத்துக்கு ஏற்ற படிவமா?

கஞ்சா புகைக்கும் மாணவர்களிடம் சிக்கலின் அளவை அறிய, வெளிநாட்டுப் பல்கலைக்கழக ஆலோசனை மையங்கள் பலவற்றில் கையிலெடுக்கும் படிவம் கடிட்-ஆர் (CUDIT-R). நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்டது. எட்டுக் கேள்விகள், கடந்த 6 மாதப் பழக்கம், மொத்தம் 32 மதிப்பெண். 8ஐத் தொட்டால் அபாயப் பயன்பாடு. 12ஐத் தொட்டால் அடிமைநோய் உண்டா என்று விரிவாகப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கோளாறு கூட்டலில் இருக்கிறது. வாரம் நான்கு நாளுக்கு மேல் புகைப்பவருக்கு 4. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் போதை என்றால் 2. மற்றதற்கெல்லாம் 'இல்லவே இல்லை' என்று டிக் அடித்தால் மொத்தம் 6, தப்பித்துவிடுவார். மாதம் இரண்டு மூன்று முறை மட்டும் புகைப்பவருக்கு 2, ஓரிரு மணி நேரப் போதைக்கு 1, எப்போதாவது ஞாபகம் தடுமாறியதற்கு 1, விடலாமா என்று சமீபத்தில் யோசித்ததற்கு 4. ஆக 8, மாட்டிக்கொள்வார்! 'எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பேன்' என்பதை ஆண்மையாக எண்ணும் நண்பர் கூட்டத்துப் பையன் முதல் வகையில் போய் விழ நிறைய வாய்ப்பு. ஆகவே மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்ற முதல் இரண்டு விடைகளைத் தனியே பாருங்கள்.

நான்காவது கேள்வி, உங்களிடம் எதிர்பார்க்கப்பட்டதைச் செய்யத் தவறினீர்களா என்பது. எதிர்பார்த்தது யார்? வீட்டுவேலையும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் தன் தலையில் விழும் மாணவிக்கு இங்கே மதிப்பெண் எளிதாக ஏறும். வண்டியே இல்லாத விடுதி மாணவருக்கு, வண்டி ஓட்டுவதை உதாரணம் காட்டும் ஏழாவது கேள்வி பெரும்பாலும் பூஜ்யம்தான். புகைக்காமல் தின்பண்டமாகச் சாப்பிட்டால் போதை ஆறேழு மணி நேரம் நீளும், இரண்டாவது கேள்வியில் எண் எகிறும். எந்த வடிவில் எடுக்கிறார் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள்.

எட்டில் ஒன்றுகூடப் பாலினத்தைக் கேட்பதில்லை. மையங்கள் மேலே ஒட்டும் 'ஆண்/பெண்' கட்டங்கள்தான் தொல்லை. திருநர் மாணவர் அங்கேயே பேனாவை வைத்துவிடலாம். கட்டத்தை எடுத்துவிட்டு ஒரு வெற்று வரி விடுங்கள். அழைக்கவேண்டிய பெயரையும் கேளுங்கள்.

ஏன் புகைக்கிறார் என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. அதற்கு 1998இல் வந்த கஞ்சா நோக்க அளவுகோலைச் சேர்த்துக் கொடுக்கலாம்: 25 கேள்விகள், நோக்கத்துக்கு ஐந்தாக ஐந்து நோக்கங்கள். கூட்டத்தோடு ஒத்துப்போகப் புகைப்பவரையும் மனக்கசப்பை அடக்கப் புகைப்பவரையும் அது பிரித்துக் காட்டும். பெயரும் உடையும் தினமும் கேலிக்குள்ளாகும் மாணவர் இரண்டாவது பிரிவில் வந்தால், அவரிடம் முதலில் பேசவேண்டியது அந்தக் கேலியைப் பற்றி. கஞ்சாவைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.