9900 என்று போட்ட டார்ச் பேட்டரி வாங்காதீர்கள்

சார்ஜ் ஏற்றும் எல்இடி டார்ச் வைத்திருப்பவர்கள், அதிலும் ராத்திரி மும்முனை கரண்ட் வரும் நேரம் பார்த்து மோட்டார் போடப் போகிறவர்கள், டார்ச்சைக் கழற்றி உள்ளே இருக்கும் 18650 ரக லித்தியம் பேட்டரியின் மேலுறையைப் பாருங்கள். 6800, 8800, 9900 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்ற அளவு) என்று எதாவது அச்சடித்திருந்தால் அது பச்சைப் பொய்.

எங்கள் டவுனில் உள்ள ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் எனக்கு இதைத் தலையில் கட்டினார்கள். கடையின் பெயர் வேண்டாம், இதே சரக்கு எல்லா ஊரிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. 18650 பேட்டரி கேட்டதற்குக் கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்து வைத்தார். ஒன்றில் 2600 என்று இருந்தது, இன்னொன்றில் 9900. விலை பார்த்தால் 9900-தான் பாதிக்கும் கீழே. "இதை ஒருவாட்டி சார்ஜ் போட்டா மூணு ராத்திரி தாங்கும்ணே" என்றார்.

மூன்று ராத்திரியா? வீட்டிலிருந்து கிளம்பி, மோட்டார் ரூமுக்குப் போய், மடையைத் திருப்பிவிட்டு வருவதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. கட்டுவிரியன் நடமாடுகிற வரப்பு அது.

மறுநாள் தெரிந்த நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். 29 கிராம். ஒழுங்கான 18650 பேட்டரி 45 கிராமை ஒட்டி இருக்கும். அப்புறம் பேட்டரி பேக் கட்டும் நண்பரிடம் கொடுத்தேன். கொள்ளளவை அளந்து காட்டும் சார்ஜர் அவரிடம் இருக்கிறது. ஒன்று 740 காட்டியது, இன்னொன்று அதைவிடக் குறைவு.

18650 என்பது அளவைச் சொல்லும் எண்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி சைபர் உருளை வடிவத்துக்கு. இந்தச் சின்னக் குழாய்க்குள் அடைக்கக்கூடிய மின்சாரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. பெரிய கம்பெனிகள் இத்தனை வருடம் முட்டி மோதியும் வழக்கமாக விற்பது 2500-லிருந்து 3500 வரைதான். அவர்களால் முடியாத 9900-ஐ ஊர் பேர் தெரியாத ஒருவர் பாதி விலையில் தருகிறாராம்! டார்ச் ஒரு ஆம்பியர் இழுத்தால் 3000 எம்ஏஎச் பேட்டரி சுமார் மூன்று மணி நேரம் எரியும். இதே கணக்கை 740-க்குப் போட்டுப் பாருங்கள், முக்கால் மணி நேரம்கூட வராது.

இந்தச் சரக்கில் நிறைய, பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உருவிய செல்லுக்குப் புது உறை மாட்டியது என்றார் நண்பர். பணம் போனதைக்கூட விட்டுவிடலாம். அளவுக்கு மீறித் தீர்ந்துபோன லித்தியம் செல்லை, நிறைந்ததும் தானாக நிற்காத மலிவு சார்ஜரில் ராத்திரி முழுக்க விட்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம். நிறைந்த செல் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றக்கூடாது.

கடைக்குத் திரும்பப் போனேன். "பேட்டரிக்கெல்லாம் ரிட்டர்ன் இல்லண்ணே, உங்க சார்ஜர்தான் சரியில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே சார்ஜரில்தான் நண்பர் கொடுத்த 2600 செல் இன்றைக்கும் ஏறுகிறது.

இதெல்லாம் வேண்டாம், பழைய டார்ச்சுக்கே போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய கட்டை அளவில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி விற்கிறார்கள். அதில் பல, சின்ன ஏஏ செல்லைப் பெரிய கூட்டுக்குள் வைத்து மூடியது. கையில் எடுத்தாலே தக்கை மாதிரி இருக்கும். நிஜமான பெரிய செல்லில் 8000-க்கு மேல் கொள்ளளவும் நூறு கிராமைத் தாண்டிய எடையும் இருக்கும். 2500 என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஏஏதான். சாதாரணக் கட்டை போடுபவர்கள் பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள், மழைக்காலம் முழுக்க டார்ச்சுக்குள்ளேயே விட்டும் வைக்காதீர்கள். கசிந்தால் ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

18650 வாங்கும்போது பிளஸ் முனையில் மூக்கு வைத்த செல்லா, தட்டைத் தலையா என்றும் பாருங்கள். சில டார்ச்சில் தட்டைத் தலை தொடாது, கடைக்காரர் டார்ச்சே போச்சு என்பார். லித்தியம் செல்லில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் R என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதையும் போலியாக அச்சடிக்கிறார்கள் என்பதால் எடையையும் பாருங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். முதலில் பில்லைத்தான் கேட்டார்கள். என் பில்லில் 'டார்ச் பேட்டரி 2' என்று மட்டும்தான் இருக்கிறது, 9900 இல்லை. நீங்கள் வாங்கும்போது எம்ஏஎச் எவ்வளவு என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.