வீட்டுப் பிள்ளைக்கு குவில்ட்: பழைய புடவையா, புதுத் துணியா?

குவில்ட் என்றால் துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை. அதற்குப் பழைய பருத்திப் புடவை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. பல வருஷம் துவைத்ததில் கஞ்சி போய், சுருங்க வேண்டியதும் சுருங்கியிருக்கும். வங்காளத்துக் காந்தா போர்வை இப்படித்தான் வந்தது: பழைய புடவைகளை அடுக்கி ஓட்டத் தையல் போட்டு இணைப்பார்கள், நடுவில் பஞ்சே வேண்டாம். ஐந்தரை மீட்டர் புடவையை நான்காக மடித்தாலே குழந்தைக்குப் போதும். நெல்மணி நீளத்துக்கு நெருக்கமாகத் தைத்தால் துணி லேசாகச் சுருங்கி அலையலையாக நிற்கும். அதைத் தடவிப் பார்ப்பதே தனி சுகம். ஒரே குறை, கொசுவம் செருகும் பக்கம் நைந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வெட்டிவிடுங்கள்.

புதுத் துணியில் நிறமும் டிசைனும் நம் இஷ்டம். சதுரங்களாக வெட்டி, கோடு பிசகாமல் மிஷினில் அடிக்க இதுதான் வசதி. ஆனால் தைப்பதற்கு முன் துவைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு சதுரம் சுருங்கும், இன்னொன்று சுருங்காது. அடர்சிவப்பு பக்கத்து வெள்ளையில் இறங்கிவிடும். பாலியஸ்டர் மலிவுதான், நம் ஊர் வெயிலுக்கு வேண்டாம்.

கைக்குழந்தைக்கு என் ஓட்டு புடவைக்கே. விடுதிக்குப் போகும் பிள்ளைக்கு, வாராவாரம் வாஷிங் மெஷினில் சுழலப்போகிற போர்வைக்கு, புதுத் துணியும் மிஷின் தையலும். அதிலும் ஓரமாக அம்மாச்சி புடவையின் முந்தானைத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்?