செரே கற்பால மாதிரிப் பெட்டி: விலை கூடத்தான், ஆனாலும் வாங்கலாம்

வெள்ளவத்தையில் காலி வீதிக் கடையொன்றில் 9,500 ரூபாவுக்கு வாங்கினேன். பிரான்சின் தெற்குக் கோடியில், பிரனீஸ் மலையடிவாரத்துச் சிற்றூரான செரேயில் இருக்கும் பழைய கற்பாலத்தை, சின்னச் சின்னக் கட்டிகளால் நாமே கட்டிப் பார்க்கும் மாதிரி இது. படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்குத் தயங்காமல் வாங்கச் சொல்வேன்.

பசையே கிடையாது, அதுதான் இதன் அருமை. வளைந்த மரச்சட்டம் ஒன்றை முதலில் நிறுத்தி, இரண்டு கரையிலிருந்தும் ஆப்பு வடிவக் கட்டிகளை அதன்மேல் அடுக்கிக்கொண்டே போய், உச்சிக்கல்லை இறுக்கி வைத்த பிறகு, கீழே இருக்கும் சட்டத்தை மெல்ல உருவ வேண்டும். உருவியதும் கட்டிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு அப்படியே நிற்கின்றன! பாரமெல்லாம் வளைவு வழியே இரு கரைக்கும் இறங்குவதால் கரைக்கட்டி கொஞ்சம் விலகினாலும் மொத்தமும் சரிந்துவிடும். ஒன்பதாம் ஆண்டில் படிக்கும் மகளுக்கு விசை என்றால் என்னவென்று விளங்கியது பாடப்புத்தகத்தில் அல்ல, இதில்தான்.

உண்மையான பாலத்தை 1321இல் தொடங்கி 1341இல் முடித்திருக்கிறார்கள். ஒரே வளைவு, 45 மீற்றருக்குச் சற்று அதிகமான நீளத்தை ஒரே தாவாகத் தாண்டுகிறது, உயரம் ஏறத்தாழ 22 மீற்றர். கீழே ஓடும் தெக் மலையாறு, மழை கொட்டினால் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு வரும். ஆற்றுக்குள் தூணே இல்லாததால் அவை மோத இடமில்லை. 1940 ஒக்டோபர் பெருவெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கையே சூறையாடியபோதும் இந்தப் பாலம் நின்றது. வெள்ளத்தில் பாலங்கள் அடிபட்டுப் போவதைக் கண்ட நமக்கு இதன் பெறுமதி தெரியும்.

எனக்குக் கோபம் வந்தது கூடவே வரும் கையேட்டில்தான். பாதிக்கு மேல் பிசாசுக் கதை. பிசாசு ஒரே இரவில் கட்டித் தருவதாகச் சொல்லி, முதலில் கடக்கும் உயிரைக் கேட்டதாம், ஊரார் பூனையை அனுப்பி ஏமாற்றினார்களாம். கதை சுவைதான், ஐரோப்பாவில் வேறு பல பாலங்களுக்கும் இப்படிக் கதை இருக்கிறது. ஆனால் இருபது வருடம் கல் செதுக்கி, சாரம் கட்டி உழைத்த மனிதர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் பெயரைப் பிசாசுக்குக் கொடுப்பது நியாயமா? கட்டிய காலத்தில் அந்த ஊர் பிரான்சிலேயே இல்லை, இன்று ஸ்பெயினுக்குரிய தீவான மயோர்க்காவின் அரசின் கீழ் இருந்தது, பிரான்சும் ஸ்பெயினும் செய்த 1659 ஒப்பந்தத்தில்தான் அந்தப் பகுதி பிரான்சுக்குப் போனது. அதையும் சொல்லவில்லை.

சரி, குறைகள். எனக்குக் கிடைத்த பெட்டியில் இரண்டு கட்டிகளின் முனை உடைந்திருந்தது, மாற்றித் தர முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். அதனால் அங்கேயே திறந்து பார்த்து வாங்குங்கள். பாயில் வைத்துக் கட்டினால் நிற்காது, சீமெந்துத் தரை அல்லது கனமான மேசை வேண்டும். சின்னப் பிள்ளைகள் என்றால் சட்டத்தை உருவும் நேரம் பெரியவர் ஒருவர் கூட இருப்பது நல்லது.